மலாய் வழியே வரும் ஆங்கிலச் சொற்கள்

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் காஹாங் அமைந்துள்ளது. இச்சிற்றூர் போன்ற பகுதிகளிலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வளர்ந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் மாணவர், தொடக்கக் கல்வியைத் தமிழில் முடித்து, இடைநிலைப்பள்ளியில் பெரும்பாலான பாடங்களை மலாயில் பயில்கின்றனர். இவ்விரு கட்டங்களிலும் ஆங்கிலம் அவர்களுக்குப் பெரும்பாலும் தனியொரு பாடமாகவே வந்து சேர்கிறது. எனினும் ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வையும், அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோருக்காக 1999-இல் தொடங்கப்பட்ட மியூட் எனும் ஆங்கிலத் தேர்வையும் அடையும்போது, அன்றாடப் பேச்சில் வழங்காத சொற்கள் நிறைந்த பத்திகளை அவர்கள் படித்துப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

உயர்நிலை ஆங்கிலச் சொல் என்றதும், எங்கோ ஓரிடத்தில் மட்டும் தென்படும் அரிய சொற்களின் பட்டியலை மனனம் செய்வதே வழி என்று கருதுவோர் பலர்; அவ்வுழைப்பின் பெரும்பகுதி வீணாகிறது என்பதே ஆய்வுகளைப் பார்க்கையில் தோன்றும் முடிவு. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட், ஏறத்தாழ 35 இலட்சம் சொற்கள் கொண்ட கல்வி நூல்களின் தொகுப்பை ஆராய்ந்து, 570 சொற்குடும்பங்கள் அடங்கிய பட்டியலொன்றை 2000-இல் வெளியிட்டார். சொற்குடும்பம் என்பது ஓர் அடிச்சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது. ‘அனலைஸ்’, ‘அனாலிசிஸ்’, ‘அனலிட்டிக்கல்’ ஆகியவை ஒரே குடும்பம். எண்ணிக்கையில் சிறிதான இப்பட்டியல் கல்வி நூல்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு சொற்களைத் தழுவுகிறது. நாளிதழையோ நாவலையோ தடையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணித்ததோடு ஒப்பிட்டால், எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்குக் காக்ஸ்ஹெட்டின் பட்டியலே விடை.

மலேசிய மாணவருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. அது வகுப்பறைகளில் போதிய அளவு பயன்படுத்தப்படுவதாகத் தெரியவில்லை. மலாய்மொழி வளர்ச்சிக்கென 1956-இல் ஜொகூர் பாருவில் தொடங்கப்பட்ட டேவான் பஹாசா டான் புஸ்தாகா, மலாய் உயர்கல்வி மொழியாக வளர்ந்த பதிற்றாண்டுகளில் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டபோது, இலத்தீன், கிரேக்க வேர் கொண்ட ஆங்கிலச் சொற்கள் பெருமளவில் மலாய் உருவம் பெற்றன. ஆகவே ‘கொன்செப்’, ‘ஸ்த்ருக்தூர்’, ‘ஃபுங்சி’, ‘டெஃபினிசி’, ‘ஹிப்போதெசிஸ்’ என்று அறிவியல் பாடத்தில் எழுதிப் பழகிய மாணவர், ‘கான்செப்ட்’, ‘ஸ்ட்ரக்சர்’, ‘ஃபங்ஷன்’, ‘டெஃபனிஷன்’, ‘ஹைபாதெசிஸ்’ ஆகியவற்றின் பொருளை ஏற்கெனவே அறிந்தவராகிறார். ‘கொமுனிகாசி’, ‘மொத்திவாசி’, ‘இம்ப்ளிகாசி’ என மலாயில் ‘ஆசி’ என்று முடிபவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் ‘ஏஷன்’ என்றும், ‘கொமுனித்தி’, ‘யூனிவெர்சித்தி’ என ‘இத்தி’யில் முடிபவை ‘இட்டி’ என்றும் முடிகின்றன. இந்த ஈறுகளைக் கண்டுகொண்டால் நூற்றுக்கணக்கான சொற்களைத் தனித்தனியே கற்க வேண்டிய தேவை குறைகிறது.

ஆனால் வடிவ ஒற்றுமை எப்போதும் பொருள் ஒற்றுமை ஆவதில்லை. மலேசியாவில் ‘கொம்பாவுன்’ என்றால் அபராதம் என்பதே எல்லாருக்கும் தெரிந்த பொருள். ஆங்கில வேதியியல் நூலில் ‘காம்பவுண்ட்’ சேர்மத்தைக் குறிக்கும், அதற்கு மலாயில் வேறு சொல் வழங்குகிறது. சுற்றுச்சுவருக்குள் அமைந்த வளாகத்தைக் குறிக்கும் ‘காம்பவுண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோ ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்தே பிறந்ததாகச் சொற்பிறப்பியலாளர் கருதுவது, கடன் ஒரே திசையில் மட்டும் செல்வதில்லை என்பதற்குச் சுவையான சான்று.

பொருளை அறிந்த பின்னும் சொல் வசப்பட்டுவிடுவதில்லை. ‘ஃப்ரூகல்’, ‘ஸ்டிஞ்சி’ இரண்டும் செலவைக் குறைப்பவரைக் குறித்தாலும், முன்னது சிக்கனத்தைப் பாராட்டுகிறது, பின்னது கஞ்சத்தனத்தை இகழ்கிறது. அகராதியில் ஒற்றைப் பொருளை மட்டும் குறித்துக்கொள்பவர் இவ்வேறுபாட்டை இழக்கிறார். குற்றத்தோடு ‘கமிட்’ என்ற வினையும் ஆய்வோடு ‘கண்டக்ட்’ என்ற வினையும் சேர்வது போன்ற சொற்சேர்க்கைகளும் வாக்கியங்களின் வழியாகவே பிடிபடுகின்றன. கற்றது தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885-இலேயே காட்டியிருப்பதால், ஒரே இரவில் ஐம்பது சொற்களை ஒப்பிப்பதைவிட, சில சொற்களைச் சில நாள் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுகூர்வது பயன் தரும்.

மலாய்ப் பாலம் எட்டாத ஒரு பகுதியும் உண்டு. ‘நெவர்தலெஸ்’, ‘வேராஸ்’, ‘சப்சிக்வென்ட்’, ‘ஆல்பீயிட்’ போன்றவை காக்ஸ்ஹெட்டின் பட்டியலில் இடம்பெற்றிருந்தும், மலாயில் ஒத்த வடிவம் பெறாதவை. பத்தியின் வாதம் எத்திசையில் திரும்புகிறது என்பதைக் காட்டுபவை இவையே ஆதலால், மியூட் வாசிப்புப் பகுதியில் மாணவர் தடுமாறக்கூடிய இடமும் இதுவே. ‘ஆயினும்’, ‘ஆனால்’, ‘அதன்பின்’, ‘என்றபோதிலும்’ என்று வாக்கியங்களை இணைக்கத் தமிழ்ப்பள்ளிக் கட்டுரைகளில் பெற்ற பயிற்சி இங்கே கைகொடுக்கும். ஆங்கிலப் பத்தியில் இத்தகைய சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள இரு கருத்துகளைத் தமிழில் சொல்லிப் பார்த்து, அவற்றை இணைக்கப் பொருந்தும் தமிழ்ச்சொல் எது என்று தேடினாலே அதன் வேலை விளங்கிவிடும்.