தறிக்குக் கரண்ட், ஆற்றுக்குச் சாம்பல்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறிச் சத்தம் சட்டென்று நின்றால் அடுத்த நொடி திண்ணைக்குத் திண்ணை ஒரே கேள்விதான்: “கரண்ட் போச்சா?” 2023 மார்ச்சிலிருந்து விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், அதற்கு முன் 750. நல்ல சலுகை, வேண்டியதுதான். ஆனால் அந்தக் கரண்டுக்கு வேறொரு விலையும் இருக்கிறது. அதை நம் திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில் இருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. நம் மாவட்டத்திலேயே, அத்திப்பட்டில், வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டும் கரி ரயிலேறி பாராதீப் போய், கப்பலேறி எண்ணூர் துறைமுகத்தில் இறங்குகிறது. நம் நாட்டுக் கரியில் சாம்பல் அதிகம்: 100 கிலோ எரித்தால் 30 கிலோவுக்கு மேல் சாம்பலே மிஞ்சும். அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் உடைந்தால் போய்ச் சேருமிடம் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம்.

கொசஸ்தலை நமக்கு அந்நியமில்லை. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் மூழ்குமே, அதே ஆறுதான். பூண்டி வழியாகப் போய் எண்ணூரில் கடல் சேருகிறது. அங்கே சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. இறால் பிடிக்க இறங்குபவர் கால் சாம்பல் சேற்றில் புதைகிறது. காய்ந்தால் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் போகிறது. சாம்பலில் ஆர்சனிக், ஈயம் போன்ற நச்சு உலோகங்களும் உண்டு.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனார்கள். 2022-ல் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கெட்டுப்போன இடத்தைச் சீரமைக்கச் சொன்னது. சுரங்கத்தின் பக்கமும் இப்படித்தான். 2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில், நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. முன்பே கையகப்படுத்தியிருந்த நிலத்தில் விளைந்து நின்ற நெல்லை இயந்திரம் விட்டு அழித்தார்கள். நிலம் கைமாறியிருக்கலாம், பயிர் உழவருடையது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கேட்டதால்தான் அதுவும் கிடைத்தது.

கேட்பதற்கு வழி என்ன? சாம்பல் கசிவோ, கிணற்று நீர் கெட்டதோ கண்ணில் பட்டால் தேதி தெரியும்படி படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழிப் புகாருக்கு மதிப்பில்லை. நடவடிக்கை என்ன ஆயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதிலும் அசையாவிட்டால் பசுமைத் தீர்ப்பாயம், சென்னை சேப்பாக்கத்தில். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணமே இல்லை.

பலர் கோட்டை விடுவது காலக்கெடுவில்தான். மாசு பற்றிய பொதுவான வழக்கென்றால் 6 மாதத்துக்குள் போட வேண்டும், இழப்பீடு கேட்பதென்றால் 5 ஆண்டுக்குள். புதிய ஆலைக்கோ சுரங்கத்துக்கோ கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க 30 நாள்தான். தக்க காரணம் சொன்னால் கூடுதலாக 60 நாள் கிடைக்கலாம். அந்த அனுமதிக்கு முன்னால் பல திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். 30 நாள் முன்னறிவிப்போடு செய்தித்தாளில் விளம்பரம் வரும். அதில் பேசியது பதிவாகிறதா என்று நின்று பார்த்து, எழுத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.