அமைப்புக் கோப்புகள் உறையும் இடம்

கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து, ஆறுகளிலிருந்து வாய்க்கால்களாகவும் கிளை வாய்க்கால்களாகவும் பரவுகின்றது. எனினும் ஒரு வயலுக்குள் எவ்வளவு நீர் புக வேண்டும் என்பதை இறுதியில் அறுதியிடுவது அவ்வயலின் மடையே. கணிப்பொறிச் செயலிகளின் நடைமுறையும் இதனை ஒத்ததே.

எழுத்துரு யாது, எழுத்தின் அளவு என்ன, எச்சொல்லைப் பிழையெனக் காட்டலாகாது என்பன போன்ற விருப்பங்களைச் செயலிகள் அமைப்புக் கோப்புகளில் எழுதி வைக்கின்றன. விண்டோஸ் 3.1 காலத்தில் அவை பெரும்பாலும் 'ஐஎன்ஐ' கோப்புகளாக விண்டோஸ் கோப்புறையிலேயே கிடந்தன. லினக்ஸில் ஒவ்வொரு செயலியும் தன் கோப்பைப் பயனரின் இல்லக் கோப்புறையில் சிதறவிட்டது. அவற்றை 'டாட் கான்பிக்' என்னும் ஒரே இடத்தில் தொகுக்கும் மரபு 2003-இல் வகுக்கப்பட்டது.

லிப்ரே ஆபீஸ் செயலியைச் சான்றாகக் கொள்வோம். அது முதலில் தான் நிறுவப்பட்ட இடத்திலுள்ள பொது அமைப்புகளைப் படிக்கின்றது. அவை அனைவர்க்கும் உரியன. பின்னர்ப் பயனரின் தனிக் கோப்புறையைப் படிக்கின்றது. இரண்டும் முரண்படின் பயனரின் விருப்பமே வெல்லும். அத்தனிக் கோப்புறை லினக்ஸில் பொதுவாக 'டாட் கான்பிக்' என்பதன் உள்ளும், விண்டோஸில் 'ஆப்டேட்டா', 'ரோமிங்' என்பவற்றின் உள்ளும் அமையும். அங்கே 'லிப்ரே ஆபீஸ்', அதனுள் '4', அதனுள் 'யூசர்' எனக் காணலாம். 2013-இல் வந்த நான்காம் பதிப்பின் எண், பதிப்புகள் பல கடந்த பின்னும் அவ்வாறே நிலைத்துவிட்டது.

இவ்விடத்தை அறியாமையால் யாம் இழந்தது சிறிதன்று. எம் துறையின் கணிப்பொறி ஒன்று பழுதுற்றபோது, ஆவணங்களையெல்லாம் படியெடுத்த பின்னரே வட்டினை அழித்தோம். வட்டார வேளாண் சொற்களை ஆய்ந்த மாணவர் ஒருவரின் ஆய்வேடு பிழைத்தது. ஆனால், செயலி சிவப்புக் கோடிட்ட சொற்களையெல்லாம் அவர் ஈராண்டுகளாகச் சேர்த்து வைத்த தனி அகராதி அழிந்தது. அது 'யூசர்' கோப்புறையிலுள்ள 'வேர்டுபுக்' என்னும் உட்பிரிவில் இருந்தது. அக்கோப்புறைக்குச் செல்லும் வழி இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்டிருப்பதால், எவரும் அதனைத் தேடவில்லை. ஆய்வேட்டில் இடம்பெறாத சொற்களும் அப்பட்டியலில் இருந்தன. அவற்றைச் சொன்ன முதியோருள் சிலர் இன்று நம்மிடையே இல்லை.

ஆதலின், கணிப்பொறியை மாற்றுமுன் 'யூசர்' கோப்புறை முழுவதையும் படியெடுத்தல் வேண்டும். தனி அகராதி எளிய உரைக்கோப்பாதலால், எந்த உரைப்பதிப்பானிலும் அதனைத் திறந்து அச்சிட்டும் வைக்கலாம். செயலி தடுமாறும்போது அதனை நீக்கி மீண்டும் நிறுவுவோர் பலர். பயனர் கோப்புறை அப்படியே தங்கிவிடுவதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. செயலியை மூடிவிட்டு அக்கோப்புறைக்கு வேறு பெயரிட்டால், அடுத்த முறை திறக்கும்போது செயலி புதியதொன்றைத் தானே அமைத்துக்கொள்ளும். பழையதிலிருந்து அகராதியை மட்டும் மீட்டுச் சேர்க்கலாம்.

தன் வயலின் மடை எங்குள்ளது என அறியாத உழவர் இம்மண்ணில் இல்லை. தம் சொற்கள் எங்கு உறைகின்றன என அறியாத மாணவரும் இனி இருத்தல் ஆகாது என்பதே எம் விழைவு.