சரக்கு நம்முடையது, பெயர் யாருடையது?
ஆரணிச் சேலையும் அரிசி மூட்டையும் வணிகருக்குச் சொல்லும் பாடம்



திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி என்றதும் இரண்டு சரக்குகள் நம் நினைவுக்கு வரும். ஒன்று பட்டுச் சேலை. மற்றொன்று அரிசி. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரிலும், சுற்றியுள்ள ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடுகிறது. ஆரணியிலும் பக்கத்துக் களம்பூரிலும் அரிசி ஆலைகள் நிறைந்துள்ளன. நம் சங்க உறுப்பினர்களில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் பலர் இந்தப் பகுதி அரிசியை விற்றிருப்பார்கள். ஜவுளி வியாபாரம் செய்பவர்கள் இந்தச் சேலையையும் விற்றிருப்பார்கள், தெரிந்தோ தெரியாமலோ!

"தெரியாமல்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரணியில் நெய்த சேலை பெரிய நகரத்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் "காஞ்சிபுரம் பட்டு" என்ற பெயரில் விற்பனையாவது நெடுநாளாக நடந்து வரும் வழக்கம். கடைக்காரருக்கு இது தெரியும், நெய்தவருக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கும் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

இதனால் என்ன நஷ்டம், சேலை விற்றால் போதாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சேலை நன்றாக உழைத்தால் அந்த அம்மா மறுபடியும் காஞ்சிபுரம் பட்டைத்தான் கேட்பார். ஆரணியைக் கேட்கமாட்டார். எனவே நல்ல வேலைக்கு உரிய மறு ஆர்டர் ஆரணியைத் தேடி வருவதில்லை. மொத்தக் கொள்முதல் செய்பவருக்கு ஆரணி என்பது பத்து இடங்களில் ஓர் இடம். இங்கே விலை கட்டவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பெயர் இல்லாத சரக்குக்கு விலை ஒன்றுதான் போட்டி. அந்தப் போட்டியில் விலையைக் குறைக்கப் பட்டு நூலிலும் சரிகையிலும் பிடிக்க வழியில்லை, ஏனென்றால் அவை வெளிச்சந்தை விலைக்கு வருபவை. கடைசியில் குறைவது நெசவாளியின் கூலி. கூலி குறைந்தால் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். பெயரை விட்டுக்கொடுத்ததன் விலை இப்படித்தான் வந்து சேர்கிறது.

பெயர் என்பது என்ன?

நம் முன்னோர் கடைப் பெயரை "விலாசம்" என்றார்கள். சரக்கின் பெயரை "மார்க்" என்றார்கள். இன்றைக்கு எல்லோரும் பிராண்ட் என்கிறார்கள். வார்த்தை எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: "சென்ற முறை வாங்கியது போலவே இந்த முறையும் இருக்கும்" என்று வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. விளம்பரம் அந்த வாக்கை ஊருக்குச் சொல்லும். அதைக் காப்பாற்றுவது கொள்முதலும், தராசும், கடையில் நிற்கும் ஆளும்தான்.

ஆரணிச் சேலைக்குச் சொல்லிக்கொள்ளத் தனிக் குணம் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரத்துக் கனமான முகூர்த்தச் சேலையைவிட எடை குறைவாக, உடுத்த இலகுவாக, நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது என்று இதற்குப் பெயர் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு கனச் சேலை போதும். மற்ற விசேஷங்களுக்கு இலகுவான சேலையைத்தானே பெண்கள் தேடுகிறார்கள்? இந்தக் குணத்தைச் சொல்லி விற்றால் அது ஆரணியின் பலம். காஞ்சிபுரம் என்று சொல்லி விற்றால் அதே குணம் "எடை குறைவு" என்ற குறையாகிவிடும்.

மூன்று முத்திரை, மூன்று கேள்வி

பெயரைக் காக்கச் சட்டம் இப்போது வழி செய்துள்ளது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. இந்தியாவில் முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. பிறகு காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமுக்காளம், மதுரைச் சுங்குடி என்று நம் ஊர்ப் பொருள்கள் வரிசையாக இடம் பெற்றன. ஆரணிப் பட்டும் இந்தப் பதிவேட்டில் உள்ளது.

ஜவுளிக் கடைக்காரர்கள் மூன்று முத்திரைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில்.

"இது சுத்தப் பட்டா?" என்ற கேள்விக்குப் பதில் சில்க் மார்க். மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்தது. "இது கைத்தறியா?" என்ற கேள்விக்குப் பதில் 2006-ல் வந்த கைத்தறி முத்திரை. "இது எந்த ஊர்ச் சேலை?" என்ற கேள்விக்குப் பதில் புவிசார் குறியீடு. சில்க் மார்க் இருப்பதால் மட்டும் ஒரு சேலை கைத்தறி ஆகிவிடாது. கைத்தறி என்பதால் மட்டும் அது ஆரணிச் சேலை ஆகிவிடாது. வாடிக்கையாளர் கேட்டால் இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லும் கடைக்காரரிடம் அவர் அடுத்த முறையும் வருவார்.

ஆனால் பதிவேட்டில் ஊர்ப் பெயர் ஏறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சட்டப்படி உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். அதன் பிறகு லேபிளில் போட வேண்டும். விற்கும்போது வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். இதைச் செய்யாத வரை பதிவுச் சான்றிதழ் பீரோவில் பூட்டி வைத்த பத்திரம் போலத்தான். பவானி ஜமுக்காளம் பதிவு பெற்ற பிறகும், வெளி மாநில விசைத்தறிகளில் நெய்த விரிப்புகள் பவானி பெயரில் மலிவாக விற்கப்படுகின்றன என்று அங்குள்ள நெசவாளர்கள் முறையிட்டு வருகிறார்கள். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே நடந்து போக வேண்டியவர்கள் நாம்தான்.

அரிசி மூட்டையின் பெயர்

மளிகை வியாபாரிகளே, இனி உங்கள் சரக்குக்கு வருவோம். "பொன்னி" என்பது நெல் ரகத்தின் பெயர். எந்த ஆலைக்காரரும் தன் மூட்டையில் பொன்னி என்று அச்சிடலாம். ஒரு மூட்டையையும் இன்னொரு மூட்டையையும் வேறுபடுத்துவது ஆலையின் மார்க் மட்டுமே. ஆலைக்காரர் நெல்லைப் பார்த்து வாங்கி, சரியாகக் காய வைத்து, குருணையும் கல்லும் நீக்கி அனுப்பினால்தான் அந்த மார்க்குக்கு மதிப்பு.

இந்த மதிப்பு 2017-ல் ஒரு சோதனைக்கு உள்ளானது. அந்த ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, பதிவு பெற்ற வணிகப் பெயருடன் பையில் அடைத்த அரிசிக்கு 5 சதவீத வரி விதித்தார்கள். அந்தப் பெயர் இல்லாத அரிசிக்கு வரி இல்லை. நாட்டின் பல பகுதிகளில் நிறுவனங்கள் தங்கள் பெயர்ப் பதிவையே ரத்து செய்ய முன்வந்தன! 2017 மே 15 அன்று பதிவில் இருந்த பெயர் பிறகு ரத்தானாலும் வரி உண்டு என்று ஜி.எஸ்.டி. கவுன்சில் செப்டம்பரில் முடிவு செய்தது. பிறகு 2022 ஜூலை 18 முதல் அந்த அளவுகோலே மாறியது. பெயர் பதிவானதா என்ற கேள்வி போய், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டியதா என்ற கேள்வி வந்தது. 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்த கதை உங்களுக்கே தெரியும்.

வரியை மிச்சம் பிடிக்க நினைத்ததைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து ஆலைக்காரர் 5 சதவீதம் குறைத்து விற்றால் நாம் என்ன செய்வது? அந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் வரி விதி ஐந்தே ஆண்டில் மாறிவிட்டது. ஒரு மார்க் ஊர் ஊராகப் பேசப்பட ஒரு தலைமுறை ஆகிறது. மாறிக்கொண்டே இருப்பதற்காக நிலைத்திருப்பதை விட்டுக்கொடுக்கும் முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

பெயருக்கு விலை உண்டு

கட்டடம், வேன், இருப்புச் சரக்கு ஆகியவற்றுக்கு நாம் மதிப்புப் போடுகிறோம். பெயருக்குப் போடுவதில்லை. 1993-ல் பார்லே நிறுவனத்தார் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகிய பெயர்களைக் கோகோ கோலாவுக்கு விற்றார்கள். உலகப் பெயர் பெற்ற கோலாவைக் கையில் வைத்திருந்தவர்களே இன்னொரு கோலாவின் பெயருக்குப் பணம் கொடுத்தார்கள். வாங்கிய பிறகும் தம்ஸ் அப் பெயரைக் கைவிடாமல் இன்றுவரை விற்கிறார்கள். நம் விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க், பெயரை விற்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதன் பொவொண்டோவை இன்றும் நம் கடைகளில் கேட்டு வாங்குகிறார்கள். ஒருவர் விற்றார், ஒருவர் வைத்துக்கொண்டார். பெயருக்கு மதிப்பு இருந்ததால்தான் இருவருக்கும் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

பாகம் பிரிக்கும்போது அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் கடைப் பெயர் யாருக்கு என்பதில்தானே? பெயரின் மதிப்பு அன்றைக்குத் தெரிகிறது. அதை முன்கூட்டியே அறிந்து எழுதி வைப்பது நல்லது.

கடையின் பழக்கமே கடையின் குணம்

நிறுவனத்தின் கலாசாரம் என்று பெரிய வார்த்தையில் பேசுகிறார்கள். நம் மொழியில் சொன்னால், முதலாளி கல்லாவில் இல்லாத நேரத்தில் கடை எப்படி நடக்கிறது என்பதுதான் அது. புழுத்த பருப்பைத் திருப்பிக் கொண்டுவரும் குழந்தையிடம் கடைப் பையன் எப்படிப் பேசுகிறான்? தராசுத் தட்டு நிற்கும் முன் பொட்டலத்தை எடுக்கிறானா? பெயர் வளர்வதும் கெடுவதும் இங்கேதான்.

ஈரோட்டில் 1970-களில் மஞ்சள் வியாபாரத்தில் தொடங்கி வளர்ந்தது சக்தி மசாலா. அந்த நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் பலருக்கு வேலை கொடுத்திருப்பது மசாலாப் பொட்டலத்தில் அச்சிட்ட விளம்பரத்தைவிட அதிகமாக மக்கள் மனத்தில் நிற்கிறது. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், 2010-களில் சேலையோடு அதை நெய்த நெசவாளியின் படத்தையும் விவரத்தையும் அட்டையில் வைத்துக் கொடுத்தது. வாங்குபவர் நெய்தவரின் முகத்தைப் பார்த்தார். நெய்தவருக்கும் தன் வேலை யார் பெயரில் போகிறது என்ற மனக்குறை நீங்கியது. ஆரணிக்கு ஏற்ற யோசனை இது. பெரிய முதலீடு தேவையில்லை, ஓர் அட்டை போதும்.

நாம் உடனே செய்யக் கூடியவை

1. நீங்கள் பொட்டலமிட்டு விற்கும் பருப்பு, மிளகாய்த் தூள் எதுவானாலும் அடைத்தவர் பெயர், விலாசம், நிகர எடை, அதிகபட்ச விலை இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேவை. இதைத் தொந்தரவாக நினைக்காமல் உங்கள் பெயருக்கு இலவச விளம்பரமாக நினையுங்கள்.

2. மார்க் வைத்திருந்தால் பதிவு செய்யுங்கள். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அரிசி 30-ஆம் வகுப்பில் வரும். கடை நடத்தும் சேவை 35-ஆம் வகுப்பில் வரும்.

3. பழைய பில் புத்தகங்களையும் விளம்பர நோட்டீசுகளையும் எடைக்குப் போடாதீர்கள். இந்தப் பெயரை யார் முதலில் பயன்படுத்தினார் என்ற வழக்கு வந்தால் அவைதான் சாட்சி.

4. ஆரணிச் சேலை விற்றால் பில்லில் "ஆரணிப் பட்டு" என்றே எழுதுங்கள். காஞ்சிபுரம் பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வேறு ஊர்ச் சேலைக்கு அதை வைத்தால் நாளை பதில் சொல்ல வேண்டி வரலாம்.

5. சரிகை எந்த வகை என்பதை மறைக்காதீர்கள். அசல் சரிகை வெள்ளியில் தங்க முலாம் பூசியது. செம்பு கலந்த மலிவு வகையும் உண்டு. இரண்டுக்கும் வாங்குபவர் உண்டு. ஏமாந்தவர் மட்டும் திரும்ப வருவதில்லை.

6. மாதம் ஒருமுறை கடை ஆட்களை உட்கார வைத்து, எந்தச் சரக்குக்கு என்ன புகார் வந்தது என்று கேளுங்கள். ஆலைக்கும் தறிக்காரருக்கும் அதைத் தெரிவியுங்கள்.

கடைசியாக ஒன்று. சரக்கை உண்டாக்கியவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவர் நாம். ஊர்ப் பெயரை மறைப்பதும் சொல்வதும் நம் வாயில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு சேலையைப் பிரித்துக் காட்டும்போதும் ஓர் அரிசி மூட்டையைத் தைய்யல் பிரிக்கும்போதும், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லி விற்போம். அந்த ஒரு வார்த்தையால் நெசவாளிக்குக் கூலி நிற்கும், ஆலைக்காரருக்கு மார்க் நிற்கும், நம் கடைக்கு நாணயம் நிற்கும்.