நாரங்கம் (பெயர் வழக்கு)

நாரங்கம் என்பது சிட்ரசு பேரினத்தைச் சேர்ந்த பழமரம் ஒன்றைக் குறிக்கும் சமற்கிருதப் பெயர் ஆகும். இதன் வடிவங்கள் தெற்காசிய மொழிகள் பலவற்றில் வழங்குகின்றன. எனினும் அவை எல்லா இடங்களிலும் ஒரே பழத்தைக் குறிப்பதில்லை. இந்தியில் நாரங்கி இனிப்பான ஆரஞ்சு; மலையாளத்தில் நாரங்ங பெரும்பாலும் எலுமிச்சை; தமிழில் நாரத்தை ஊறுகாய்க்குரிய புளிப்புக் காய்.

ஏற்காட்டு ஆரஞ்சு

இப்பெயர்க் குழப்பத்தை விளங்கிக்கொள்ள ஏற்காடு நல்ல எடுத்துக்காட்டாகும். சேலம் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலையில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இவ்வூர் உள்ளது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பித் தோட்டங்களில் மிளகுடன் ஆரஞ்சும் ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. இது தோல் தளர்ந்து, கையாலேயே எளிதில் உரிக்கத்தக்க மாண்டரின் வகையாகும். தாவரவியலில் சிட்ரசு ரெட்டிகுலேட்டா எனப்படும்.

இவ்வகைப் பழம் தமிழ்நாட்டுக் கடைகளில் கமலா ஆரஞ்சு என விற்கப்படுகிறது. வங்காளத்தில் கமலா லேபு, தெலுங்கில் கமலா, இந்தியில் சந்தரா அல்லது நாரங்கி, சிங்களத்தில் ஜமநாரங், மலையாளத்தில் மதுரநாரங்ங. இவற்றுள் மூன்று மொழிகளில் நாரங்கம் என்னும் சொல் வெளிப்படையாகவே உள்ளது. தமிழில் மட்டும் அப்பழத்தை நாரத்தை என்று கேட்டால் கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுப்பார்.

சொல்லின் பயணம்

அமரகோசம் என்னும் சமற்கிருத நிகண்டு இம்மரத்தை நாகரங்கம் என்றும் ஐராவதம் என்றும் குறிப்பிடுகிறது. நாரங்கம் என்னும் சொல் திராவிட மொழிகளிலிருந்து சமற்கிருதத்துக்குச் சென்றது என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்தாகும். நறுமணத்தைக் குறிக்கும் 'நறு' என்பதுடன் 'காய்' சேர்ந்து இச்சொல் பிறந்தது என்பர் சிலர். கேட்பதற்கு இனிய விளக்கமே. ஆயினும் நாரத்தையில் இருப்பது இடையின ரகரம், நறுமணத்தில் இருப்பது வல்லின றகரம். இந்த வேறுபாட்டுக்கு விடை கூறாமல் அதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது.

பாரசீகத்தில் நாரங்க் என்றும் அரபியில் நாரஞ்சு என்றும் ஆகி, இச்சொல் ஐரோப்பாவை அடைந்தது. எசுப்பானியத்தில் நரங்ஹா என முதல் நகரம் நிலைத்தது. இத்தாலியம், பிரெஞ்சு ஆகியவற்றில் அது முன்னுள்ள சுட்டிடைச் சொல்லின் நகரத்துடன் கலந்து மறைந்தது. ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்ட அச்சொல்லே தமிழில் ஆரஞ்சு என வழங்குகிறது. ஆக, நாரத்தையும் ஆரஞ்சும் ஒரே வேரின் இரு கிளைகள். ஒன்று ஊரிலேயே இருந்தது, மற்றொன்று உலகைச் சுற்றி வந்தது.

தமிழும் மலையாளமும்

தமிழ் நாரத்தை தடித்த தோலும் புளிப்பும் இலேசான கசப்பும் உடையது. பேச்சு வழக்கில் நார்த்தங்காய். காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பிட்டு வெயிலில் உலர்த்துவர். இதன் இலையை இடித்துச் செய்வது வேப்பிலைக்கட்டி. இதில் வேப்பிலை கிடையாது என்பது பெயர்களை நம்புவோர் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி. நாரத்தையைக் கசப்பு ஆரஞ்சு எனச் சில அகராதிகளும், சிட்ரான் எனப் பல ஆங்கிலச் சமையல் குறிப்புகளும் கூறுகின்றன. இவையிரண்டும் வெவ்வேறு சிட்ரசு வகைகள்.

மலையாளத்தில் நாரங்ங ஒரு பொதுப்பெயராக விரிந்துள்ளது. செறுநாரங்ங என்பது எலுமிச்சை, மதுரநாரங்ங ஆரஞ்சு, கம்பிளிநாரங்ங பம்பளிமாசு. அடைமொழி இல்லாமல் நாரங்ஙவெள்ளம் என்றால் எலுமிச்சைச் சாறுதான். எனவே மலையாள ஊறுகாய்க் குறிப்பைத் தமிழில் பெயர்ப்பவர் நாரங்ங என்பதை நாரத்தை என்று எழுதினால் கசப்பான ஊறுகாயே மிஞ்சும்.

சேர்வராயன் மலையில் மலையாளி என்னும் சொல்லும் இதே போன்றது. அங்கு வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுவோர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களது மரபுக்கதை. பெயர் மலைவாழ்வோரைக் குறிப்பதே அன்றிக் கேரளத்தைக் குறிப்பதன்று.

பிற மொழிகள்

தெலுங்கில் நாரிஞ்ச ஆரஞ்சையும் அதன் நிறத்தையும் குறிக்கும். கன்னடத்தில் கித்தளெ என்பதே பெருவழக்கு. தமிழில் அருகிவிட்ட கிச்சிலி இதனை ஒத்தது. ஈழத்தமிழர் ஆரஞ்சைத் தோடம்பழம் என்பர், சிங்களத்தில் தொடம். ஊர்ப்பெயரே பழப்பெயரானதும் உண்டு. இந்தியின் சந்தரா போர்த்துக்கலின் சிந்த்ரா நகரிலிருந்தும், மோசம்பி மொசாம்பிக்கிலிருந்தும் வந்தவை எனப்படுகின்றன. அரபியில் நாரஞ்சு கசப்பு ஆரஞ்சாகவே நின்றுவிட, பின்னர் வந்த இனிப்பு ஆரஞ்சுக்குப் போர்த்துக்கல் நாட்டின் பெயரால் புர்துகால் என்ற பெயர் அமைந்தது.

காரணம்

சிட்ரசு மரங்கள் தம்முள் எளிதில் கலப்பவை. 2018ஆம் ஆண்டு வெளியான மரபணுத்தொகை ஆய்வு இப்பேரினத்தின் தோற்றத்தை இமயமலையின் தென்கிழக்கு அடிவாரப் பகுதியில் வைத்தது. மாண்டரின், பம்பளிமாசு, சிட்ரான் ஆகியவை மூல இனங்களுள் முதன்மையானவை. மாண்டரினும் பம்பளிமாசும் கலந்து கசப்பு ஆரஞ்சும், அதனுடன் சிட்ரான் கலந்து லெமன் எனப்படும் பெரிய எலுமிச்சையும் தோன்றின. பழங்களுக்கிடையிலேயே எல்லைக்கோடு தெளிவாக இல்லாதபோது, தம் நிலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட பழத்துக்கு மக்கள் அப்பெயரை இட்டதில் வியப்பில்லை.

மருந்தும் பெயரும்

இக்குழப்பம் சமையலோடு நிற்பதில்லை. கிரேப்புரூட் எனும் பழமும் கசப்பு ஆரஞ்சும் குடலிலுள்ள ஒரு நொதியைத் தடுத்து, உயர் குருதி அழுத்தத்துக்குத் தரப்படும் பெலோடிபின் போன்ற சில மருந்துகளின் அளவைக் குருதியில் கூட்டிவிடும். ஏற்காட்டு ஆரஞ்சு போன்ற மாண்டரின்களிலும் சாத்துக்குடியிலும் பொதுவாக இவ்விளைவு இல்லை. எச்சரிக்கைக் குறிப்பில் உள்ள கசப்பு ஆரஞ்சை வெறும் ஆரஞ்சு என்று பெயர்த்தால் நோயாளி தேவையின்றி நல்ல பழத்தை விலக்குவார். கிரேப்புரூட் என்பதைத் திராட்சை என்று பெயர்ப்பதும் நிகழ்கிறது. அது இன்னும் மோசமான பிழை. கிரேப்புரூட்டின் நெருங்கிய உறவான பம்பளிமாசும் இத்தகைய விளைவை உண்டாக்கக் கூடியது என்பதால், அதனை உண்பவர் மருத்துவரிடம் பழத்தின் பெயரை மட்டும் கூறாமல் அதன் அளவையும் தோலையும் சேர்த்து விவரிப்பது நல்லது.