கமக்காரரும் நுளம்புக்கடியும்: உடலுக்கு இசைந்த விரட்டி மருந்தைத் தெரிவு செய்தல்

பயிரைத் தாக்கும் பூச்சிகளைக் கண்டவுடன் கமக்காரர் காலந்தாழ்த்தாது நடவடிக்கை எடுப்பர். ஆனால் தம் உடலைக் கடிக்கும் பூச்சிகளைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. நீர் தேங்கிய வயலிலும், பற்றை சூழ்ந்த தோட்டத்திலும், இரவுக் காவற் குடிலிலும் நுளம்புக்கடி வழமையானதே என அவர்கள் எண்ணிவிடுகின்றனர். அறுவடைக் காலத்தில் ஒருவர் பத்து நாட்கள் காய்ச்சலிற் படுத்துவிட்டால், அக்குடும்பத்தின் ஒரு போக உழைப்பே கெட்டுப்போகக்கூடும். ஆகவே பூச்சிக்கடியைத் தடுத்தலும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாகும்.

இலங்கையில் 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாக் காய்ச்சலால் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர். நீண்டகால முயற்சியின் பயனாக, 2016 ஆம் ஆண்டில் இந்நாடு மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார தாபனத்தால் அறிவிக்கப்பட்டது. எனினும் நுளம்புகள் ஒழிந்துவிடவில்லை. அவற்றால் வரும் வேறு நோய்களும் உள.

பூச்சிகளும் அவை கடிக்கும் நேரமும்

எந்தப் பூச்சி எந்நேரத்திற் கடிக்கின்றது என்பதை அறிந்தாலன்றி, மருந்தை எப்பொழுது பூசுவதெனத் தீர்மானித்தல் இயலாது.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும், சூரியன் மறைவதற்கு முந்திய சில மணித்தியாலங்களிலும் அதன் தொல்லை மிகும். இது வயல் நீரிற் பெருகுவதில்லை. தோட்டத்தில் எறியப்பட்ட தகரப் பேணி, சிரட்டை, வெற்றுப் போத்தல், மூடப்படாத நீர்த்தொட்டி ஆகியவற்றிலேயே முட்டையிடும்.

மூளைக்காய்ச்சலைப் பரப்பும் நுளம்போ நெல் வயலிலேயே பெருகுவது. இது மாலை தொடக்கம் இரவு முழுவதும் கடிக்கும். 1985, 1986 ஆம் ஆண்டுகளில் அனுராதபுரப் பகுதியில் இந்நோய் பெருமளவிற் பரவியது. பிள்ளைகளுக்கு இதற்கெதிரான தடுப்பூசி இப்பொழுது ஏற்றப்படுகின்றது.

மணல் ஈ என்பது நுளம்பினும் மிகச் சிறியது. சாதாரண நுளம்பு வலையின் கண்ணூடாகவும் நுழைந்துவிடும். மாலையிலும் இரவிலும் கடிக்கும். இதன் கடியால் தோலில் நோவில்லாத, எளிதில் ஆறாத புண் தோன்றலாம். உலர் வலயத்திற் பற்றைக் காடுகளை அடுத்து வேலை செய்வோர் இத்தகைய புண்ணைக் கண்டால், நோவில்லை என்று விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

புல்லிலும் பற்றையிலும் ஒட்டியிருக்கும் மிக நுண்ணிய சிற்றுண்ணிகள் கால்வழியே ஏறிக் கடிப்பதால் உண்ணிக்காய்ச்சல் உண்டாகின்றது. கடித்த இடத்திற் கரிய பொருக்கு ஒன்று காணப்படலாம்.

விரட்டி மருந்து தொழிற்படும் விதம்

நுளம்பானது மனிதரின் மூச்சுக்காற்றையும், உடற்சூட்டையும், வியர்வை மணத்தையும் கொண்டே மனிதரை நாடி வருகின்றது. விரட்டி மருந்து நுளம்பைக் கொல்வதில்லை; தோலின்மேல் மெல்லிய ஆவியாக நின்று, நுளம்பு அங்கு வந்து அமராதபடி செய்கின்றது. எனவே பூசப்பட்ட இடம் மாத்திரமே காக்கப்படும். காதின் பின்புறத்தையோ கணுக்காலையோ பூசாது விட்டால் நுளம்பு அவ்விடத்தையே தேடிக் கடிக்கும்.

மருந்து வகைகள்

டீற்: இம்மருந்து 1946 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக ஆக்கப்பட்டு, 1957 ஆம் ஆண்டு தொடக்கம் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. நுளம்பு, மணல் ஈ, உண்ணி ஆகியவற்றுக்கெதிராக நன்கு பயன்படுவது. 10 வீத மருந்து ஏறத்தாழ 2 மணித்தியாலமும், 20 தொடக்கம் 30 வீத மருந்து ஏறத்தாழ 5 மணித்தியாலமும் பயன் தரும். வீதம் கூடினாற் காக்கும் நேரமே நீளும். 50 வீதத்திற்கு மேற்பட்ட மருந்தினால் மேலதிக நன்மை பெரிதாக இல்லை. இதன் குறைகள் சில: தோலில் எண்ணெய்ப் பிசுக்குப்போல ஒட்டும், மணம் சிலருக்குப் பிடிக்காது, மூக்குக்கண்ணாடிச் சட்டம், மணிக்கூட்டுக் கண்ணாடி முதலிய பிளாத்திக்குப் பொருட்களை இளக்கிவிடும். பருத்தித் துணியைப் பழுதாக்காது.

பிக்காரிடின்: 1980 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் ஆக்கப்பட்டது. 20 வீத மருந்து டீற்றுக்கு ஒப்பான பயனை நெடுநேரம் தருவது. மணம் மிகக் குறைவு, பிசுக்கும் இல்லை, பிளாத்திக்கையும் பழுதாக்குவதில்லை. வியர்வையுடன் நாள் முழுவதும் உழைப்போருக்கு இது மிகவும் இசைவானது.

பி.எம்.டி.: எலுமிச்சை மணமுள்ள யூக்கலிப்டசு மரத்தின் எண்ணெயிலிருந்து பதப்படுத்திப் பெறப்படுவது. 30 வீத மருந்து சில மணித்தியாலங்கள் காக்கும். மணம் இனியதெனினும் கண்ணிற் பட்டாற் கடுமையாக எரியும். மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பூசலாகாது. பதப்படுத்தப்படாத யூக்கலிப்டசு எண்ணெய் இதற்கு ஈடாகாது.

சிற்றொனெல்லா எண்ணெய்: இலங்கையின் தென்பகுதியில் நெடுங்காலமாகப் பயிரிடப்படும் புல்லிலிருந்து வடிக்கப்படுவது. மலிவானது, நம்மவர் நன்கறிந்தது. ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால் ஒரு மணித்தியாலம் வரையுமே, பல வேளைகளில் அதற்கும் குறைவாகவே, பயன் தரும். தூய எண்ணெயை அப்படியே பூசினால் தோல் எரியக்கூடும்.

வேலைக்கேற்ற தெரிவு

விலை கூடிய மருந்தே சிறந்ததென்று கொள்ளலாகாது. பூசிக்கொள்ள விருப்பமின்றிப் போத்தலிலேயே கிடக்கும் மருந்து எவ்வளவு வலியதாயினும் பயனற்றதே. ஆகவே வேலை செய்யும் நேரம், கடிக்கும் பூச்சி, உடலுக்குரிய இதம் ஆகிய மூன்றையும் கருதித் தெரிவு செய்தல் வேண்டும்.

காலையில் ஒரு மணித்தியாலம் மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்கு இறைப்போருக்கு 10 வீத டீற் போதுமானது. களையெடுப்பு, அறுவடை முதலிய நீண்ட வேலைகளுக்கு 20 வீதப் பிக்காரிடின் அல்லது 20 தொடக்கம் 30 வீத டீற் தகுந்தது. பன்றி, யானை ஆகியவற்றினின்று பயிரைக் காக்க இரவிற் காவலிருப்போரும் இவற்றையே பூசி, உறங்கும்போது நெருங்கிய கண்களையுடைய வலையையும் பாவித்தல் வேண்டும். வெளியிடத்தில் நுளம்புச்சுருளின் புகையைக் காற்று அடித்துச் செல்வதால் அதனை நம்பியிருத்தல் கூடாது.

வியர்வை மிகுந்தவருக்குக் குழம்பினும் திரவமே இலகுவானது. வரண்ட தோலுடையவருக்குக் குழம்பு ஏற்றது. புதிய மருந்தெதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்திற் சிறிது பூசி ஒரு நாள் பார்த்தல் வேண்டும். சிவப்போ சொறியோ தோன்றினால் வேறு வகையைத் தெரியலாம். வாங்கும்போது மருந்தின் பெயரும் வீதமும் சுட்டியில் அச்சிடப்பட்டுள்ளனவா எனப் பார்த்தல் அவசியமாகும்.

பூசும் முறை

1. உடையால் மூடப்படாத தோலில் மாத்திரம் மெல்லிதாகவும் எங்கும் பரவலாகவும் பூசுக. தடித்துப் பூசுவதால் நன்மையில்லை.

2. முகத்திற்குப் பூசும்போது முதலில் உள்ளங்கையில் எடுத்து, கண்ணும் வாயும் தவிர்த்துத் தடவுக. புண்ணிலும் வெட்டுக்காயத்திலும் பூசலாகாது.

3. வியர்வையாலோ சேற்று நீராலோ கழுவுண்ட இடத்தில், சுட்டியிற் கூறப்பட்ட அளவை மீறாது மீண்டும் பூசுக.

4. கீரை, மரக்கறி பறிக்குமுன்னும், உணவு கொள்ளுமுன்னும், வெற்றிலை போடுமுன்னும் உள்ளங்கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

5. பிள்ளைகளுக்குப் பெரியோரே பூசுதல் வேண்டும். அவர்களின் கைகளிற் பூசலாகாது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு மருந்து வேண்டாம், வலையே போதும்.

6. வேலை முடிந்ததும் குளித்து உடையை மாற்றுக.

செய்யத்தகாதவை

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினியை நீரிற் கலந்து உடலிலோ உடையிலோ பூசுதல் பேராபத்தானது. அது தோலினூடாக இரத்தத்திற் சேர்ந்து உயிருக்கும் தீங்கு செய்யும். உடைக்கெனத் தனியாக விற்கப்படும் பெர்மெத்திரின் மருந்தும் வயலுக்குத் தெளிப்பதும் ஒன்றல்ல. ஒன்றிற்குப் பதிலாக மற்றொன்றைப் பாவித்தல் கூடாது. மண்ணெண்ணெயைக் காலிற் பூசுதலும் தோலைப் புண்ணாக்கும் பழக்கமாகும். பூச்சிநாசினி தெளித்தவர், உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே விரட்டி மருந்தைப் பூசுதல் வேண்டும்.

மருந்துடன் கைக்கொள்ள வேண்டியவை

முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்தால் மருந்து பூசவேண்டிய இடம் பாதியாகக் குறையும், செலவும் குறையும். வெளிர் நிறத் தளர்வான பருத்தி உடை வெயிலுக்கும் இதமானது. நீரைக் கட்டுப்படுத்தக்கூடிய வயல்களில், பயிரின் பருவத்திற்கேற்ப இடையிடையே சில நாட்கள் நீரை வடித்துக் காயவிட்டால் நுளம்புக் குடம்பிகள் மடியும். தோட்டத்திலுள்ள பேணி, சிரட்டைகளை வாரந்தோறும் அகற்றுதல் வேண்டும்.

எலிக்காய்ச்சல் பூச்சிக்கடியால் வருவதன்று. எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்று நீரால் வருவது. விரட்டி மருந்து அதனைத் தடுக்காது. அதற்கான தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதல் நன்று.

வயலில் வேலை செய்தவருக்குக் காய்ச்சல் கண்டால் இரண்டொரு நாட்களுள் வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். எங்கே, எந்நேரத்தில் வேலை செய்தார் என்பதையும் அவருக்குக் கூறுதல் வேண்டும். டெங்குவாயிருக்கலாமாதலால், வைத்தியரின் ஆலோசனையின்றி அசுப்பிரின் முதலிய மாத்திரைகளை உட்கொள்ளலாகாது.

மண்வெட்டியும் கத்தியும் எடுத்துச் செல்லும் கையுடன் விரட்டி மருந்தையும் எடுத்துச் செல்லும் வழக்கம் கமக்காரரிடையே ஏற்படுமாயின், பல நாள் நோயும் பல நாட் கூலி இழப்பும் தவிரும்.