காய்க்க மறுத்த காட்டாமணக்கு

ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்பதால் தோட்டத்து வேலியோரம் காட்டாமணக்கை நட்டார்கள் நம் ஊர்க்காரர்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் செடியின் விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். தரிசில் இதைப் பயிரிட்டு, டீசலில் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்று 2003இல் மத்திய திட்டக் குழு கணக்குப் போட்டது. தமிழகத்திலும் விவசாயிகள் நம்பி நட்டார்கள். காய்ப்பு சொன்ன அளவில் வரவே இல்லை. 2018இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் 5 சதவீதம் என்று இறங்கி வந்தது.

எண்ணெயில் குறை இல்லை. அதே 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு பயணிகள் விமானம் காட்டாமணக்கு எரிபொருளைக் கலந்து பறந்தது. சிக்கல் செடியில் இருக்கிறது. மழை பொய்த்தால் காட்டாமணக்கு இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் தேக்கிய நீரை வைத்து உயிர் பிடித்து நிற்கும். ஆனால் இலை இல்லாமல் உணவு தயாரிக்க முடியாது; உணவில்லாமல் எண்ணெய் ஏது? அதிலும் மாவுச்சத்தைவிட எண்ணெயைச் சேர்க்கச் செடிக்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். வறட்சியில் சாகாத செடி வறட்சியில் காய்க்கும் என்று எடுத்துக்கொண்டதுதான் பெரும் பிழை.

இன்னொன்று, இது பயிராகப் பழக்கப்படாத காட்டுச் செடி. நெல்லுக்கும் கடலைக்கும் பல தலைமுறை உழவர்களின் விதைத் தேர்வு பின்னால் இருக்கிறது. காட்டாமணக்கின் பூங்கொத்திலோ ஒரு பெண் பூவுக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆண் பூக்கள் இருப்பது சாதாரணம். பெண் பூ மட்டுமே காயாகும். காய்களும் ஒன்றாகப் பழுப்பதில்லை, திரும்பத் திரும்ப ஆள்விட்டுப் பறிக்க வேண்டும். கூலியிலேயே வரவு கரைந்துவிடும்.

ஆகவே நடவுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய வேலை இன மேம்பாடு. பெண் பூக்களைக் கூட்ட முடியும் என்பதற்குச் சான்று உண்டு: சீனாவில் சைட்டோகைனின் வகை வளர்ச்சி ஊக்கியைப் பூங்கொத்தில் தெளித்தபோது பெண் பூக்கள் பெருகின. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் காட்டாமணக்கை அதன் பேரினமான ஜட்ரோபாவின் வேறு இனத்தோடு கலப்பு செய்து பார்த்தார்கள். ஆனால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள செடிகள் பெரும்பாலும் நெருங்கிய உறவுகள். அவற்றுக்குள்ளேயே தேர்வு செய்து அதிகம் முன்னேற முடியாது. மரபணுப் பன்மை இந்தச் செடியின் தாயகத்தில் இருக்கிறது. மெக்சிகோவின் வேராக்ரூஸ் பகுதியில் விதையை வறுத்துத் தின்னும் நச்சற்ற வகைகள்கூட உண்டு. நம்மூர்ச் செடியின் பிண்ணாக்கு நஞ்சு, உரத்துக்குத்தான் ஆகும். அந்த நச்சின்மை இங்குள்ள செடிக்கு வந்தால் பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகும். மானாவாரி விவசாயிக்கு எண்ணெய் விலை ஏமாற்றும் ஆண்டிலும் கையில் ஏதோ நிற்கும்.