ஆறு நிமிடத்துக்கு ஓர் அம்பாசடர்

ஹௌராவிலிருந்து பர்த்வான் போகும் லோக்கல் ரயில், உத்தர்பாராவைத் தாண்டியதும் ‘ஹிந்த் மோட்டார்’ ஸ்டேஷனில் நிற்கும். கார் கம்பெனியின் பெயரே ஊருக்கும் பெயர். கொல்கத்தாவை ஒட்டிய இந்த இடத்தில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் வரை அம்பாசடர் தயாரித்தது. வார்ப்பாலை, மெஷின் ஷாப் எல்லாம் ஒரே வளாகத்துக்குள்.

1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 கார்கள். 300 வேலைநாள், தினம் 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று. அதே ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் என்ஜின் பிளாக்கும் தயாராக வேண்டும். லைனில் ஒவ்வொரு கட்ட வேலையும் நடக்கும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர்; எந்த ஸ்டேஷனும் அந்த நேரத்தைத் தாண்டாதபடி வேலையைப் பங்கிடுவதுதான் லைன் பேலன்சிங். சால்வெசன் என்பவர் 1955இல் இதைக் கணிதமாக்கினார்.

கார் பூட்டும் லைனில் இது ஓரளவு சுலபம். ஒருவருக்கு வேலை அதிகமா, நாலு போல்ட்டைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிடலாம். உலோகம் வெட்டும் லைனில் அது நடக்காது. முதலில் பிளாக்கின் ஒரு முகத்தை மில்லிங் செய்து சமதளமாக்க வேண்டும். மற்ற அளவுகளெல்லாம் அதிலிருந்துதான். துளை போட்ட பிறகே மரை வெட்டும் டேப் இறங்கும். சிலிண்டரை முரட்டுத்தனமாகக் குடைந்த சூட்டோடு கடைசி போரிங் செய்தால் அளவு தப்பும். இருபது டிரில்கள் ஒரே தலையில் சேர்ந்து இறங்கினால், அதில் மெதுவானது எதுவோ அதுதான் எல்லாவற்றுக்கும் வேகம்.

ஆனால் மெஷின் லைனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: வெட்டும் வேகத்தை மாற்றலாம். அதற்கான விலையை ஃபிரெடரிக் டெய்லர் என்ற பொறியாளர் 1907இல் சூத்திரமாகவே தந்துவிட்டார். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலில் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் டூலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்; 10 சதவீதம் குறைத்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். ஆகவே பின்தங்கும் ஸ்டேஷனைக் கொஞ்சம் விரட்டலாம். அதைவிட முக்கியம், நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நிற்கும் ஸ்டேஷனை நிதானப்படுத்துவது. லைனின் உற்பத்தி துளியும் குறையாது. டூல் செலவு மட்டும் இறங்கும். சூப்பர்வைசர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. வேகமாக ஓடும் மெஷின்தான் அவர்கள் கண்ணுக்கு உழைக்கும் மெஷின்.

ஸ்டேஷன்களையெல்லாம் ஒன்றாகக் கோத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அம்பாசடரின் மூதாதை மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் கார். அந்த மாரிஸ் கம்பெனியின் கவென்ட்ரி ஆலையில் ஃபிராங்க் உலார்டு என்ற பொறியாளர் 1920களிலேயே 53 வேலைகளைக் கோத்த ஒரு ராட்சத எந்திரத்தை நிறுவினார். நாலு நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பது கணக்கு. ஆனால் ஒரு மூலையில் கோளாறு என்றால் மொத்தமும் நின்றது. பிறகு அதைத் தனித்தனி மெஷின்களாகப் பிரித்தார்கள்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடிப்படை, கார் இத்தனை விற்கும் என்ற எண்ணிக்கை. 2013-14இல் அம்பாசடர் சுமார் 2,200தான் விற்றது. அதே 300 நாள் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனால்தான் ஒரு கார். ஆறு நிமிடத்துக்கென்று பங்கிட்ட லைன் அங்கே பத்தில் ஒன்பது பங்கு நேரம் காத்துத்தான் கிடக்கும். விற்பனை சரிந்ததற்கு லைனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே வேலைக்கென்று கட்டிய மெஷின் வரிசையைச் சுருக்கவும் வழியில்லை. இன்று டிரில், டேப், போரிங் மூன்றையும் டூல் மாற்றி மாற்றித் தானே செய்யும் சிஎன்சி மெஷின்களை வாங்குகிறார்கள். ஆர்டர் குறைந்தால் இரண்டை அணைத்துவிட்டு, அவற்றின் வேலையை மீதி மெஷின்களுக்கு மறுபடி பங்கிடலாம்.